வற்றாப்பளைப் பொங்கலன்று வைத்த கையெழுத்து

கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல எனக்குத் தெரியும். முகாமில் பழகிய பழக்கம் அது, பெருமைப்பட ஒன்றுமில்லை. யுத்தம் முடிந்து எங்களையெல்லாம் வெள்ளைக் கூடாரங்களுக்குள் கொண்டுபோய் விட்டிருந்தபோது எனக்கு இருபது வயது. நிவாரணம் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். பட்டியலில் கையெழுத்து இல்லாவிட்டால் பருப்பு இல்லை, மா இல்லை, சவர்க்காரம் இல்லை. ஆட்கள் எந்த நேரமும் கூடாரத்துக்குள்ளேயே இருப்பார்களா? ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பார், ஒருவர் தண்ணீர் வரிசையில் நிற்பார், இன்னொருவர் காணாமல் போன மகனைத் தேடி விசாரிக்கப் போயிருப்பார். அவர்களுக்காகப் பக்கத்துக் கூடாரத்தவர் கையெழுத்து வைத்துப் பொருளை வாங்கி வைத்திருப்பார். எங்கள் வரிசையில் அந்த வேலை என்னுடையது. பதினொரு கூடாரத்துக்கும் பதினொரு விதமாக வைப்பேன். கொடுக்கிறவர்களுக்கும் அது தெரியும். யாரும் அதைக் களவு என்று சொன்னதில்லை.

ஊருக்குத் திரும்பியபோது அந்த வழக்கமும் எங்களோடு திரும்பி வந்தது. வன்னியில் ஒரு தாள் சுற்றி வந்தால் சனம் அதன் தலைப்பை வாசிக்காது. யார் வரவில்லை என்றுதான் பார்க்கும்.

இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் செய்ததை, பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் நினைக்கக் கூடாது.

கிளிநொச்சிப் பக்கத்தில், பப்பாசியும் மாம்பழமும் கழுவி, வெட்டி, காயவைத்து, பைகளில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை செய்கிறேன். என் பதவியின் பெயர் சமூக இணைப்பாளர். சேர்ந்த புதிதில் முள்ளியவளையில் என்னைப் படிப்பித்த வாத்தியார் ஒருவர், அது என்ன வேலை என்று கேட்டார். “கம்பனிக்கும் சனத்துக்கும் நடுவிலை நிக்கிற வேலை சேர்” என்றேன். “நடுவிலை நிக்கிறவனுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழுமே” என்றார். விழவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டால் விழாது என்பதை விரைவிலேயே கற்றுக்கொண்டேன்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பது இங்கே விரும்பினால் செய்கிற காரியம். செய்தால் புண்ணியம், செய்யாவிட்டால் கேட்க ஆள் இல்லை. நாங்களும் செய்தோம். தொழிற்சாலையைச் சுற்றியுள்ள கிராமத்தில் பொதுநோக்கு மண்டபத்துக்குப் பக்கத்தில் குடிதண்ணீரைச் சுத்தமாக்கும் ஒரு பில்டர் கட்டிக் கொடுத்தோம். நாடா வெட்டி, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்தோம். அதுவரை எங்கள் சமூகப் பொறுப்பு அவ்வளவுதான்.

பிறகு ஐரோப்பாவில், எங்கள் பழத்தை வாங்கும் நாட்டில், ஒரு சட்டம் வந்தது. பொருள் வாங்குகிற கம்பனி, அந்தப் பொருள் செய்யப்படும் ஊரில் யாருக்காவது கேடு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். யாருக்காவது குறை இருந்தால் அவர்கள் நேரடியாக அந்த நாட்டுக்கே முறையிட ஒரு வழி இருக்க வேண்டும். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நல்ல சட்டம். வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. தன் கிணற்றைப் பற்றி ஒரு தோட்டக்காரி சொல்வதை எங்கோ ஒரு நாட்டில் ஒரு அதிகாரி கேட்டே ஆக வேண்டும் என்று முதன்முதலாக யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தச் சட்டப்படி ஒட்ட வேண்டிய பதாகையைத் தமிழில் எழுதியது நான்தான். ‘உங்கள் குறைகளை அச்சமின்றித் தெரிவிக்கலாம்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே இலக்கத்தையும் போட்டு, பில்டர் சுவரில் நானே ஒட்டினேன். ஒட்டிவிட்டு, இதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

அந்த வருடம் தொழிற்சாலைக்கு இரண்டாவது குழாய்க்கிணறு தேவைப்பட்டது. பழம் கழுவத் தண்ணீர் போதவில்லை. புதுச் சட்டப்படி, தோண்டுவதற்கு முன் ஊர்க்கூட்டம் வைத்து, சனத்துக்கு விளக்கி, சம்மதம் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு எங்கள் முகாமையாளர் ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார். அது வைகாசியில் வரும் பொங்கல் திங்கட்கிழமை. வற்றாப்பளை அம்மனுக்கு அன்றுதான் பொங்கல்.

வன்னியில் அந்தத் திங்கட்கிழமையில் கூட்டம் வைப்பது, சுடலையில் கலியாணம் வைப்பது போல. பாதி ஊர் வற்றாப்பளையில் நிற்கும். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் நடந்தே போவார்கள். முகாமையாளர் கொழும்புக்காரர், அவருக்கு இது தெரியாது. அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. “அந்த நாள் சரிவருமா?” என்று என்னிடம் கேட்டார். சரிவராது என்று சொன்னால் அறிக்கை பிந்தும், வாங்குகிற கம்பனி கேள்வி கேட்கும், இணைப்பாளர் என்ன செய்கிறார் என்று பேச்சு வரும். சரிவரும் என்றேன். கூட்டத்தில் ஆட்கள் குறைவாக இருந்தால் கேள்விகளும் குறைவாக இருக்கும் என்ற நினைப்பும் எனக்குள் ஓடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூட்டத்துக்கு இருபத்தைந்து பேர் அளவில் வந்தார்கள். ரோல்ஸும் சோடாவும் கொடுத்தோம். நான் எழுந்து பத்து நிமிடம் பேசினேன். குழாய்க்கிணறு என்ற சொல்லை ஒரே ஒரு தடவை சொன்னேன். முடிவில் வீட்டுக்கு ஒரு உலர் உணவுப் பொதி என்று அறிவித்துவிட்டு, தாளைச் சுற்றவிட்டேன். தாளின் தலையில் ‘வருகைப் பதிவு’ என்று இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் நான் எழுதிய வசனம் இருந்தது: ‘மேற்படி விடயம் தொடர்பாகப் போதிய விளக்கம் பெற்றுக்கொண்டோம் எனவும், இது குறித்து ஆட்சேபணை எதுவும் இல்லை எனவும் இத்தால் உறுதிப்படுத்துகின்றோம்.’ அந்த வசனத்தை எழுதி முடித்தபோது, என் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது.

தாள் திரும்பி வந்தபோது அதில் அறுபதுக்கு மேல் கையெழுத்துகள் இருந்தன. இருந்தவர்கள் இல்லாதவர்களுக்காகவும் வைத்திருந்தார்கள். அம்மனிடம் போனவர்களுக்குப் பொதி தவறிவிடக் கூடாது அல்லவா. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா, ஊதாநிறப் பேனையால் அடுத்தடுத்து மூன்று வீட்டுக்கு வைத்ததை நான் கண்ணால் கண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பொதியையும் அவருடைய சைக்கிளில் கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த மூன்றில் ஒன்று, அவருடைய பக்கத்து வளவில் இருந்த ஒரு அக்காவுடையது. கணவர் இல்லை. ஒரே மகள் வவுனியாவில் கலியாணம் கட்டிப் போயிருந்தாள். அக்காவுக்கு இருந்ததெல்லாம் அரை ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும்தான். மிளகாயும் கத்தரியும் போட்டுத் தானே பம்ப் போட்டு இறைத்து, சைக்கிளில் சந்தைக்குக் கொண்டுபோவார். அவருடைய வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் குனிந்து அந்த அம்மா இந்தப் பக்கமும் இவர் அந்தப் பக்கமும் போய்வருவார்கள். கறிச்சட்டியும் போய்வரும்.

குழாய்க்கிணறு ஆனியில் தோண்டப்பட்டது. ஆவணியில் அக்காவின் கிணறு அடிமண் தெரிய வற்றியது. ஆவணியில் எல்லாக் கிணறும் கீழே போவதுதான், ஆனால் அந்தக் கிணறு இடப்பெயர்வுக்கு முன்பும் வற்றியதில்லை என்று ஊரே சொன்னது. காய்க்கிற பருவத்தில் மிளகாய்ச் செடிகள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. குடிக்கப் பில்டரில் தண்ணீர் பிடித்தார். தோட்டத்துக்குப் பில்டர் தண்ணீர் ஊற்ற முடியுமா.

தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போது அவர் பதாகையை வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு நம்பியிருக்கிறார். மகளைக் கொண்டு தொலைபேசியில் தன் குறையை எழுதி அனுப்பினார். அந்த ஊரில் நான் எழுதியதை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

முறைப்பாடு அந்த நாட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ‘என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. என் கிணறு வற்றிவிட்டது’ என்று இரண்டே வசனம். முகாமையாளர் கோப்பை எடுத்துப் பார்த்தார். “இவருடைய கையெழுத்து இருக்கிறதே” என்று முகம் மலர்ந்தார்.

ஒரு பின்னேரம் கணினித் திரையில் அந்த நாட்டு அதிகாரி வந்தார். என் வயதுப் பெண். பொறுமையான குரல். கையெழுத்துத் தாளைத் திரையில் காட்டி, ஆங்கிலத்தில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இது அவருடைய கையெழுத்தா? அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாரா?

திரையில் அந்த ஊதா மை பளிச்சென்று தெரிந்தது. மேலும் கீழும் அதே மை, அதே உருண்டை எழுத்து. அந்த அக்காவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பில்டர் திறப்புவிழாவில் வைத்திருந்தார், கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுப்பார். வற்றாப்பளை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தத் திங்கட்கிழமையில் அங்கே பாதி ஊர் வீட்டில் இருக்காது என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ஒருவருக்காக மற்றவர் வைப்பது எங்கள் வழக்கம், அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, பசி என்றுதான் அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருந்தால் அவர் நிச்சயம் எழுதியிருப்பார். கேட்பதற்காகத்தான் அவர் அங்கே இருந்தார். அந்த அறையில் அந்தக் கையெழுத்தின் கதை தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதினொரு கூடாரத்துக்கு வைத்த கை என்னுடையது.

நான் சொன்னது இதுதான்: “அந்தப் பட்டியல் என் முன்னிலையிலேயே நிரப்பப்பட்டது.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை வெட்கம். வாய் தடுமாறி ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் பயத்தில் சொன்னேன் என்று ஆறலாம். நான் யோசித்து, பொய் இல்லாத ஒரு வசனத்தைக் கட்டினேன். அவர் கொஞ்சம் காத்திருந்தார். நான் வேறொன்றும் சொல்லவில்லை. குறித்துக்கொண்டார். முகாமையாளர் மேசைக்குக் கீழே என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

சட்டம் ஐரோப்பாவில் பிறந்து, கடல் கடந்து, கொழும்பைத் தாண்டி, கிளிநொச்சி வரை வந்து, அந்த அக்காவின் வளவுக்கு நூறு யார் தூரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த நூறு யார் தூரம் நான்தான். பிறகு எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் சட்டம் ஏன் கீழ்மட்டம் வரை போவதில்லை என்று வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டச் சொல்வார்கள். மொழி, தூரம், விழிப்புணர்வு இல்லாமை என்று நானும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தை கழிந்து அந்த நாட்டிலிருந்து முடிவு வந்தது. அதைத் தமிழில் மாற்றி அக்காவிடம் கொடுக்க வேண்டியதும் என் வேலைதான். ‘தாங்கள் கலந்துகொண்டு ஆட்சேபணையின்மையை உறுதிப்படுத்திய கூட்டத்தின் அடிப்படையில் இம்முறைப்பாடு முடிவுறுத்தப்படுகின்றது. கூட்டத்தில் சமுகமளித்திருந்த எவரேனும் புதிய தகவலைச் சமர்ப்பித்தால் இது மீளப் பரிசீலிக்கப்படலாம்.’ வாசித்து முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது.

“அண்டைக்கு வற்றாப்பளையிலை பொங்கல் எல்லோ தம்பி. நான் அங்கை நிண்டனான். இந்தக் கிணத்துக்காகத்தான் நேர்த்தி வைச்சுப் போனனான்” என்றார்.

“மேலிடத்து முடிவு அக்கா” என்றேன்.

“அப்ப என்ரை பேரிலை ஆர் வைச்சது?”

பொட்டுக்குள்ளால் குனிந்து வந்துகொண்டிருந்த பக்கத்து வளவு அம்மா அப்படியே நின்றுவிட்டார். “நான்தான் பிள்ளை வைச்சனான். பொதி தவறிப்போகும் எண்டு வைச்சனான்” என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். “ஓம், கொண்டந்து தந்தனீங்கள்தானே. அந்தச் சீனியிலைதான் இரண்டு கிழமை தேத்தண்ணி குடிச்சனான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த அம்மா அழத் தொடங்கினார். அழ வேண்டியவன் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனபோது பொட்டு அடைக்கப்பட்டிருந்தது. யார் அடைத்தது என்று நான் கேட்கவில்லை.

அலுவலகத்தில் இந்த முறைப்பாட்டால் ஒரு மாற்றம் வந்தது. இனி ஒருவருக்காக மற்றவர் கையொப்பமிட முடியாது என்று பட்டியலின் தலையில் தடித்த எழுத்தில் போட்டோம். அந்த வருட அறிக்கையில் ‘ஆவணங்கள் தொடர்பான விழிப்புணர்வு மக்களிடையே அதிகரித்துள்ளது’ என்று ஒரு வரி வந்தது. சமூக மாற்றம் என்ற தலைப்பின் கீழ் வந்தது. எழுதியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த மாரியில் வெள்ளம். குளம் நிரம்பி, வீதி முறிந்து, சனம் நான்கு நாள் பொதுநோக்கு மண்டபத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் பொதி கொண்டுபோனோம். தாள் சுற்றி வந்தது. முன்பெல்லாம் சலசலவென்று இருக்கும், அவவுக்கும் வை, இவருக்கும் வை என்று சொல்லிக்கொள்வார்கள். அன்று அவரவர் தங்கள் பெயரைத் தேடி, வைத்து, பேனையைக் கடத்திவிட்டார்கள். அக்கா அன்று வரவில்லை. வெள்ளத்தில் காலில் ஏதோ குத்தி, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

பேனை பக்கத்து வளவு அம்மாவிடம் வந்தது. அவர் தன் பெயருக்கு நேரே வைத்தார். அதற்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அருகில் போய் மெதுவாக, “அவவுக்கும் வையுங்கோ அம்மா, நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றேன்.

“இல்லைத் தம்பி. நான் இனி ஒருத்தருக்கும் வைக்கமாட்டன். முதல் வைச்சதே போதும்” என்று பேனையை என் கையில் தந்துவிட்டார்.

முகாமில்கூட எங்களிடம் இது இருந்தது. குண்டு விழுந்த காலத்தில்கூட இருந்தது. அதை நான் ஒரு வசனத்தால் இல்லாமல் செய்துவிட்டேன். பேனை என் கையில்தான் இருந்தது, அந்த அக்காவின் கையெழுத்தை வாலோடு அச்சாக என்னால் வைத்திருக்க முடியும். வைக்கப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் பொதியையும் தாளையும் கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. கிணறு வெள்ளத் தண்ணீரால் கட்டுவரை கலங்கி நிறைந்திருந்தது. தோட்டம் இருந்த இடத்தில் பற்றை. அவர் காலில் கட்டோடு கதிரையில் இருந்தார். பொதியை வைத்தேன்.

“எங்கை தம்பி வைக்கவேணும்?” என்று கேட்டார். தாளை நீட்டினேன். அவர் கையெழுத்து வைக்கும் இடத்துக்குப் போகவில்லை. தாளின் தலைப்பிலிருந்து தொடங்கி, விரலை வரிக்கு வரி வைத்து, சொல்லுக்குச் சொல் வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். நான் தாழ்வாரத் தூணோடு நின்றேன். “வாசிச்சுப்போட்டு வைக்கிறன், குறை நினையாதேங்கோ” என்றார். பிறகு வைத்தார். கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம்வரை போனது.

தாளைத் திருப்பித் தரும்போது என்னை நேரே பார்த்துக் கேட்டார்: “அண்டைக்கு நீங்கள் கூட்டத்திலை நிண்டனீங்கள்தானே தம்பி. நான் அங்கை வந்தனானோ?”

அதே கேள்வி. அந்த அதிகாரி கேட்ட அதே கேள்வி. இம்முறை வசனம் கட்ட எனக்கு வரவில்லை.

“இல்லை அக்கா. நீங்கள் வரேல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும்.”

சொன்னதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. கண்கூடக் கலங்கியது. அவர் மன்னித்துவிட்டேன் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

“நான் வரேல்லை எண்டது எனக்குத் தெரியும் தம்பி,” என்றார். “அதை எனக்கு ஏன் சொல்லுறீங்கள்?”

பொதியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சீனி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார். நான் தாளை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தேன். முகாமையாளர் பார்த்துவிட்டு, இம்முறை எல்லாக் கையெழுத்தும் சரி என்றார்.

கூட்டத்தில் இருந்த எவரும் எழுதலாம் என்ற, முடிவுக் கடிதத்தின் அந்தக் கடைசி வரி இன்னும் செல்லும். நான் இன்னும் எழுதவில்லை.